தோலும் தோட்டாவும்

அமெரிக்காவில் சுட்ட கைத்துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக்கூட்டில் மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள், வெள்ளி போல் மின்னும் நிக்கல் பூசிய கூட்டை விட்டுப் பித்தளையையே தேடுகிறார்களாமே?

தோல் புண்ணானால் களிம்பு பூசுகிறோம். தோட்டாவிலோ தோல் பட்டாலே களிம்பு! அமெரிக்கப் போலீசார் தோட்டாக்களைத் தோல் வாரில் செருகி வைத்திருந்த காலத்தில், தோல் பதனிட்ட அமிலம் பட்டுப் பித்தளை பச்சை பூத்தது. அதைத் தடுக்கத்தான் நிக்கல் பூச்சு. நம் அடுக்களைப் பித்தளைக்கு ஈயம் பூசிய மாதிரி. ஆனால் நிரப்புகிற ஒவ்வொரு முறையும் கூட்டின் வாய் விரிந்து சுருங்க வேண்டும். பித்தளை வளைந்து கொடுக்கும், நிக்கல் பூசியது சீக்கிரம் வாய் பிளக்கும்.

மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்தக் கூட்டைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.