இரண்டு சாவிக் கார்

கேள்வி: டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் காருக்கு இரண்டு நிறத்தில் சாவி கொடுத்தார்களாமே, ஒன்று தொலைந்தால் இன்னொன்று உதவட்டும் என்றா?

பதில்: இல்லை. ஒன்று காரை அவிழ்த்துவிட, மற்றது கட்டிப்போட! 2015 மாடலாக வந்த இந்த அமெரிக்கக் கூப்பேயில் 6.2 லிட்டர் வி8 இன்ஜின். சிவப்புச் சாவி போட்டால் 707 குதிரைத்திறனும் கிடைக்கும்; கறுப்பில் 500தான். மகன் கேட்டால் எதைக் கொடுப்பது என்று சொல்லவா வேண்டும்?

இத்தனை பலமும் சூப்பர்சார்ஜர் தந்தது. இன்ஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அதனுள் இரண்டு திருகு உருளைகள் ஒன்றையொன்று பின்னிச் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். டர்போ போலக் கழிவுப்புகையை எதிர்பார்க்காமல் இன்ஜின் பெல்ட்டிலேயே ஓடுவதால், மிதித்த மாத்திரத்தில் பாய்ச்சல். அதைச் சுழற்ற மட்டுமே சுமார் 80 குதிரைத்திறன் செலவு. ஒரு சின்னக் காரே அதில் ஓடிவிடும்! காற்றுக்காக முன்விளக்கு ஒன்றின் நடுவையே குடைந்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அதுதான். எடை ஏறத்தாழ இரண்டு டன், ஆகவே வளைவுகளில் நிதானம் தேவை. நேர்சாலையிலோ கால் மைலுக்கு 11.2 விநாடி.