குளிர்காலம் ஒன்று வழங்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தென்மண்டலத் தலைவர் அவர்கள், மண்டல வானிலை ஆய்வு மையம், கல்லூரிச் சாலை, நுங்கம்பாக்கம், சென்னை.

அனுப்புநர்: நந்தனத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உடை வாங்கும் பெண்கள்.

பொருள்: கோட்டு வாங்கப்பட்டுவிட்டமை, குளிர் வந்து சேராமை, உரிய நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: ஜனவரி, பிப்ரவரி மாதங்களைக் குளிர்காலம் என வகுத்துள்ள தங்கள் துறையின் பருவப் பட்டியல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவரப்படுவது யாதெனில், 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைந்த நாள்தொட்டு வளர்ந்த மரபுக்கும் 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கும் வாரிசாக விளங்கும் தங்கள் மையம், ஆண்டை நான்காகப் பகுத்து, ஜனவரி, பிப்ரவரியைக் குளிர்காலம் என்றும், மார்ச் முதல் மே வரை கோடை என்றும், எஞ்சிய ஏழு மாதங்களை இரு பருவமழைக் காலங்கள் என்றும் அறிவித்துள்ளது. பெயர் வைத்தவருக்கே பிள்ளையை வளர்க்கும் பொறுப்பிலும் பங்கு உண்டு என்பதால், ஏட்டில் மட்டும் உள்ள அந்தக் குளிர்காலத்தை நந்தனத்துக்கு நேரில் அனுப்பிவைக்குமாறு கோரும் உரிமை விண்ணப்பதாரர்களுக்கு உண்டு.

அவ்வுரிமைக்குப் புராணச் சான்றும் உள்ளது. இந்திரனின் சோலைக்கு நந்தனம் என்றே பெயர். எல்லாப் பருவத்துப் பூக்களும் ஒருங்கே பூத்திருக்கும் இடம் அது. அதே பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியின் சிக்னலிலிருந்து வெங்கட்நாராயணா சாலை வழியே தியாகராய நகர்ப் பக்கம் திரும்பினாலும், சேமியர்ஸ் சாலை வழியே எதிர்ப்பக்கம் திரும்பினாலும், ஓடுவதற்கான லெக்கிங்ஸ் ஒரு பொம்மையின் மேலும் முழங்காலைத் தாண்டும் கம்பளிக் கோட்டு அடுத்த பொம்மையின் மேலுமாக எல்லாப் பருவங்களும் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பூத்து நிற்கக் காணலாம். இந்திரலோகத்தை அமைக்கும் பணியில் வணிகர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டனர். எஞ்சியிருப்பது வானத்தின் பங்கு மட்டுமே.

பழந்தமிழ் இலக்கண மரபு ஆண்டை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தது. துணிக்கடை மரபு அதை ஆடி, தீபாவளி, பொங்கல் என மூன்றாகச் சுருக்கியது. கல்யாணம் நடவாத ஆடியில் படுத்துவிடும் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தவே தள்ளுபடி என்பதால், அந்தப் பஞ்சாங்கத்துக்கு உள்ளூர்க் காரணமாவது இருந்தது. அடுத்து வந்த ஃபேஷன் பஞ்சாங்கத்தில் பருவங்கள் இரண்டே: வசந்தமும் கோடையும் சேர்ந்த ‘ஸ்பிரிங்-சம்மர்’, இலையுதிர்காலமும் குளிர்காலமும் சேர்ந்த ‘ஆட்டம்-விண்டர்’. ஏறத்தாழ 49ஆம் வட அட்சரேகையில் உள்ள பாரிசுக்கும் 51ஐத் தாண்டிய லண்டனுக்கும் கணிக்கப்பட்ட இந்தப் பஞ்சாங்கம், 13இல் இருக்கும் சென்னைக்கு ஒரு திருத்தமும் இன்றி வந்து இறங்குகிறது. ஆகவே ஆவணி வெயிலுக்குக் குடை பிடித்து நடந்து வந்தவள், கடைக்குள் நுழைந்த பிறகுதான் ஊரில் இலை உதிர்ந்துவிட்ட செய்தியை அறிகிறாள். குளிரைக் கோட்டைவிட்ட ஊரில் கோட்டை விற்பவர்களைக் குறைகூறுவது இவ்விண்ணப்பத்தின் நோக்கம் அன்று. கடையின் பஞ்சாங்கத்தை மாற்றுவது நடவாத காரியம் என்பதும், அதை நோக்க வானத்தை மாற்றுவது எளிது என்பதும் நீண்ட அனுபவத்தில் தெளிந்த உண்மைகள் ஆதலால், விண்ணப்பம் தங்கள் மையத்துக்கு அனுப்பப்படுகிறது.

கள நிலவரம் ஒன்றும் பதிவுக்கு உரியது. டிரையல் ரூம் எனப்படுவது, உடையை வாங்கும் முன் அணிந்து பார்ப்பதற்காக ஒட்டுப்பலகையால் தடுக்கப்பட்ட, ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் கொக்கி ஒன்றும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் உடைய, மின்விசிறி அற்ற சிற்றறை. கடை முழுவதும் உலவும் ஏசிக் காற்று அதன் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறது. கைப்பை, துப்பட்டா, எடுத்து வந்த நான்கு உடைகள் அனைத்தையும் அந்த ஒரே கொக்கியில் மாட்டிவிட்டு ஒருத்தி லெக்கிங்ஸை இழுக்கும்போது, அது வியர்த்த கெண்டைக்காலில் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு, மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் நிற்கிறது. அவள் ஒற்றைக் காலில் பலகைமேல் சாய்ந்திருக்கும் அதே கணத்தில், “அக்கா, சைஸ் சரியா இருக்கா? பெருசு எடுத்துத் தரவா?” என்று வெளியிலிருந்து கதவு தட்டப்படுகிறது. அடுத்து அதே அறையில், அதே வியர்வைக்கு மேல், உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்த பஃபர் ஜாக்கெட்டை மாட்டி, உறைபனிக்கு இது தாங்குமா என்று அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையின் உச்ச வெப்பமாக 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானபோது டிரையல் ரூம்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது பணிவுடன் சுட்டிக்காட்டப்படுகிறது.

ஆக்டிவ்வேர் என்னும் உடற்பயிற்சி உடையின் நிலையும் இதுவே. ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி நந்தனத்தில் இருப்பதால், உடற்பயிற்சி என்பது இப்பகுதிக்கு நேற்று வந்த புதுமை அன்று. ஆயினும் காலை நடைக்கு வரும் மாமிகள் பலர், முந்தானையை இடுப்பில் செருகிய பருத்திப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ அணிந்து, ஆக்டிவ்வேர் என்ற சொல் பிறக்கும் முன்பே அதன் பொருளைக் கண்டுவிட்டவர்கள். புதிய உடையின் தத்துவம் வேறு. பொதுவான அளவீட்டு நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதத்துக்கு மேல் வாங்காது. எனவே பாலியெஸ்டர் இழைகளுக்கு இடையே பரவும் வியர்வை துணியின் வெளிப்புறத்துக்கு வந்து, அங்கே காற்றில் உலர்ந்து உடலைக் குளிர்விக்கும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் துணி தன் கடமையைக் குறைவின்றிச் செய்கிறது. வியர்வையும் வெளிப்புறத்துக்கு வந்து சேர்கிறது. ஆனால் கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்து நிற்பதால், வந்த வியர்வையை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காற்றின் இந்த ஒத்துழையாமை தங்கள் மையத்தின் வரம்புக்குள் வருவது.

கோட்டை வாங்குவது வெறும் ஆடம்பரம் என்று தங்கள் அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதப்படலாகாது. டொரன்டோவிலும் நியூஜெர்சியிலும் உள்ள மகள்களுக்குப் பேறுகாலம் பார்க்க, பெரும்பாலும் தை மாதத்திலேயே, புறப்படும் தாய்மார்கள் இப்பகுதியில் ஏராளம். அவர்களில் ஒருவர் வாங்கும் கோட்டு ஆறு மாதம் பனி பார்த்துத் திரும்பி, அடுத்து நாத்தனாருக்கும், பிறகு எதிர்வீட்டுச் சம்பந்திக்கும் இரவலாகச் சென்று, தெருவின் பொதுச்சொத்தாக நிலைபெறுகிறது. ‘வெர்சடைல்’, அதாவது ஒன்றே பலவற்றுக்கும் உதவுவது, என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான் என்றால் மறுப்பதற்கில்லை.

ஆனால் ஆய்ந்து பார்க்கையில், நந்தனத்துக்கு ஒரு குளிர்காலம் தங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே வந்துவிட்டது புலனாகிறது. நகரின் மிகக் குறைந்த வெப்பநிலையாக 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது 13.9 டிகிரி. வானம் அரிதாகச் செய்த அந்தச் சாதனைக்கு நெருக்கமான 16 டிகிரியை, அலுவலக ஏசியின் ரிமோட் வைத்திருப்பவர் பங்குனி மதியத்திலும் ஒரு விரலால் கேட்டுப் பெறுகிறார். கட்டடத்துக்குள் எது இதமான வெப்பம் என்று கணிக்கும் சூத்திரம், டென்மார்க் அறிஞர் ஓலே ஃபாங்கர் 1970 அளவில் வகுத்த முறையை ஒட்டியது; அதில் உடல் வெளியிடும் வெப்பத்துக்கு வைக்கப்படும் அளவுகோல், ஏறத்தாழ 40 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆண். பெண்களின் உடல் வெளியிடும் வெப்பத்தை அந்த அளவுகோல் 35 சதவீதம் வரை மிகையாகக் கணிக்கக்கூடும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் எழுதினர். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் இயங்கத் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதியும் இருக்கிறது. தொடங்கிய பிறகு எங்கே போகிறது என்பதை ரிமோட்டே அறியும். வெளியே வெயில், உள்ளே ஏசி என்னும் இந்த இரு உலகங்களுக்கும் ஒரே நாளில் உடுத்த வேண்டியவள், காலையில் ஸ்கூட்டரில் வெயிலுக்கு முகத்தைச் சுற்றிக் கட்டிய துப்பட்டாவை, பத்து மணிக்கு நாற்காலியில் அமர்ந்ததும் அவிழ்த்துத் தோளில் போர்த்திக்கொள்கிறாள். மாலைத் தூறலில் அது தலைக்கு ஏறுகிறது. வெர்சடைல் என்ற சீட்டு ஒட்டப்படாத காரணத்தால் அதன் விலை இன்னும் உயரவில்லை.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகள் பணிவுடன் முன்வைக்கப்படுகின்றன.

1. கடலோர நிலையங்களில் குறைந்தபட்ச வெப்பநிலை 15 டிகிரியையோ அதற்குக் கீழேயோ தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் குளிர் அலை என்னும் விதியை நந்தனத்துக்கு 22 டிகிரி எனத் தளர்த்த வேண்டும். மார்கழியில் அந்த அளவிலேயே குரங்குக் குல்லாக்கள் வெளிவந்துவிடுவது இதற்கு ஆதாரமாக ஏற்கப்படலாம்.

2. ‘ஆட்டம்’ என்ற அறிவிப்பு பொய்யாகிவிடாதிருக்க, செப்டம்பர் முதல் நாளில் இலை உதிர்க்குமாறு அண்ணா சாலையில் உள்ள ஏதேனும் ஒரு மரத்துக்கு உத்தரவிட வேண்டும்.

3. மேற்கண்டவை இயலாவிடில், அலுவலகங்களிலும் டிரையல் ரூம்களிலும் வெப்பமானிகளை நிறுவி, “அடுத்த 24 மணி நேரத்தில் மூன்றாம் தளத்தின் ஓரிரு இருக்கைகளில் கடும் குளிர் நிலவக்கூடும், பெண் ஊழியர்கள் சால்வையுடன் வருமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்” என்ற வகையில் அன்றாட அறிக்கை வெளியிட வேண்டும்.

இவ்விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலம் முழுவதும், சம்பந்தப்பட்ட கோட்டு அந்துருண்டைகளோடு பரண்மேல் காத்திருக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும், பூஞ்சை பிடிக்காமலிருக்க, அது மொட்டைமாடிக்கு எடுத்துச் செல்லப்பட்டுக் கொடியில் விரிக்கப்படுகிறது. அந்த நாள் பெரும்பாலும் அக்னி நட்சத்திரத்தில் அமைவதால், குளிருக்கென்றே பிறந்த அந்த உடை சென்னையில் இதுவரை கண்டிருக்கும் ஒரே வானிலை கத்திரி வெயில்தான். தங்கள் பதில் மே மாதத்துக்குள் கிடைக்குமாயின், கோட்டு வெளியே இருக்கும்போதே அதனிடம் நேரில் படித்துக் காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நந்தனம் விண்ணப்பதாரர்கள்.

இணைப்பு: கோட்டுக்கான ரசீது ஒன்று. (விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.)