ஸ்கேனுக்குப் போகும் முன் மெட்டியைக் கழற்றவும்

முதலில் நோயின் பெயரைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். "ஃபைப்ரோமயால்ஜியா" என்று நீங்கள் சொன்னால், வரவேற்பில் இருக்கும் பெண் "ஃபைப்ராய்டா மேடம்?" என்பாள். அலுப்பில் தலையாட்டிவிடாதீர்கள். முதுகுக்குப் போனவர் வயிற்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டிவரும்.

நகைகளை முந்தைய இரவே கழற்றத் தொடங்குவது உத்தமம். மூக்குத்தித் திருகோடு மல்லுக்கட்டவே உங்கள் விரல்களுக்கு அரைமணி நேரம் வேண்டும். மெட்டி வராது. சோப்புத் தண்ணீர் போடுங்கள், பிறகு தேங்காய் எண்ணெய், அதற்கும் வராவிட்டால் அம்மாவைக் கூப்பிடுங்கள். தாலிக்கொடியையும் கழற்றச் சொல்வார்கள். அம்மா அதற்கென்றே கைப்பையில் மஞ்சள் கயிறு கொண்டுவந்திருப்பார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அந்தக் கொடியில் கோத்து வைத்திருக்கிறீர்களே நாலு ஊக்கு, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 1.5 டெஸ்லா காந்தம் அதையெல்லாம் விட்டுவைக்காது. பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு அது.

அடுத்து, படுப்பது. 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் ஒரு விதி வகுத்தார்கள்: உடம்பில் குறிப்பிட்ட 18 இடங்களைச் சுமார் 4 கிலோ அழுத்தத்தில் அமுக்க வேண்டும், 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. 2010-ல் வந்த விதியில் அமுக்குவதை விட்டுவிட்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றார்கள். எம்.ஆர்.ஐ. மேஜைக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. பின்னந்தலை, தோள்பட்டை, பிட்டம் என்று பழைய பட்டியலில் இருந்த இடங்களாகப் பார்த்து அமுக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணையும் போர்த்திக்கொள்ளக் கம்பளியும் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் ஏசி மட்டும்தான்.

"ஆடாம படுங்கம்மா, இருபதே நிமிஷம்." இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1977-ல் முதன்முதலாக மனித உடலை இப்படிப் படமெடுத்தபோது ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. அதை நினைத்து ஆறுதல் அடையலாம் என்று நானும் முயன்றேன். ஏழாவது நிமிடம் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. படம் கலங்கிவிட்டது, மறுபடி முதலிலிருந்து.

ரிப்போர்ட்டுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். "நார்மல்" என்று வரும். வராமல் என்ன செய்யும்? வலிச் செய்தியை நரம்பு மண்டலம் ஒலிபெருக்கி வைத்து அலறவிடுகிறது. தசையையும் எலும்பையும் படமெடுத்தால் அது தெரியாது. வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் ஸ்கேனே. இதை வீட்டில் விளக்கப் பார்க்காதீர்கள். அதற்குள் பாயசம் அடுப்பில் ஏறியிருக்கும். எதிர்வீட்டு மாமாவுக்கு எல்4-எல்5 டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. வலியே இல்லாதவர்களுக்கும் இருப்பதுதான் அது. ஆனாலும் அவர் கையிலிருந்து தெருவே காய்கறிப் பையை வாங்கிக்கொள்கிறது. எனக்கும் ஒரு சின்ன பிதுக்கமாவது இருக்கக் கூடாதா என்று ரகசியமாக வேண்டியிருப்பீர்கள். நானும்தான். வெளியே சொல்லாதீர்கள்.

ஸ்கேன் கவரை பீரோ மேல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த டாக்டர் "பழைய ஸ்கேன் இருக்கா?" என்று கேட்பார். நீட்டுவீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணு எடுத்துடலாம்" என்பார். மெட்டியைத் திரும்பப் போட்டுக்கொள்ள அவசரப்படாதீர்கள்.