டொமாட்டியோச் செடியும் துவைத சித்தாந்தமும்

மெய்ப்பொருள் ஒன்றா இரண்டா என்று நம் ஆசாரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்தும் முடியாத விவகாரத்தை, மெக்ஸிகோ தேசத்து வீட்டுக் கொல்லைகளில் விளையும் டொமாட்டியோ என்னும் பச்சைக் காய், ஒரே பருவத்தில், ஒரு சுலோகமும் சொல்லாமல் தீர்த்து வைத்திருக்கிறது என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு.

முதலில் பொருளின் லக்ஷணம். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் குலத்தில் உதித்ததும், நம் வயல் வரப்புகளில் தானே முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய தாயாதியுமான இச்செடிக்கு, லமார்க் என்னும் பிரெஞ்சுப் பண்டிதர் 1786-இல், அது பிறந்த தேசத்தை விட்டு எங்கோ வடக்கே இருந்த பிலடெல்பியாவின் பெயரைச் சூட்டிவிட்டார். வளரும் பிள்ளைக்குத் தைத்த சட்டையைப்போல் இதன் பூவிதழ்க் கூடு முந்திப் பெரிதாகித் தொளதொளவென்று தொங்க, காயானது பின்னர் நிதானமாகப் பருத்து அதை நிரப்பிக் கிழிக்கும். பறிப்பதற்குரிய முகூர்த்தம் அதுவே. காய் பச்சைத் துவையலுக்குப் போக, உரித்த கூட்டையும் எறியாமல் கொதிக்கவைத்து, அந்நீரில் தெக்கெஸ்கித்தே என்னும் ஏரியுப்பைக் கூட்டித் தமால் மாவைப் பொங்கச் செய்யும் மெக்ஸிகோ பாட்டிமாரின் சாமர்த்தியம் தனி ஆராய்ச்சிக்குரியது.

இனிப் பூர்வபக்ஷம். குளிர்நாட்டுத் தோட்டக்காரர், கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரம் முன்னதாக வீட்டுக்குள்ளேயே கால் அங்குல ஆழத்தில் விதைத்து, முளைத்தவற்றுள் திடமான நாற்று ஒன்றை மட்டும் தேர்ந்து, மற்றவற்றைக் களைந்து, ஏகமே சத்தியம் என்று நடுகிறார். செடி செழிக்கிறது, மஞ்சள் மலர்கள் நூற்றுக்கணக்கில் பூக்கின்றன, தேனீக்களும் வருகின்றன, மலர்கள் உதிர்கின்றன. காயில்லை. காரணம் யாதெனில், தன் மகரந்தமே தன் சூல்தண்டில் இறங்குமாயின், சகோத்திரமென்று கண்டு அதைப் பாதி வழியிலேயே தடுத்துவிடும் ஆசாரம் இச்செடிக்கு உண்டு. ஆகவே காய் வேண்டுவோர் இரண்டு செடியாவது வைத்தாக வேண்டும். துவைதிகள் வென்றனர்.

ஆனால் வெற்றி விழாவுக்குள் ஓர் ஆக்ஷேபம் நுழைகிறது. டொமாட்டியோவின் தண்டை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினாலும் வேர்விடும். அவ்வாறு ஒன்றை இரண்டாக்கி அருகருகே வளர்த்த புத்திசாலிக்கு என்ன கிட்டுகிறது? இருமடங்கு பூவும், அதே சூனியமும். கண்ணுக்கு இரண்டாகத் தோன்றினும் அவை உண்மையில் ஒன்றே. பேதம் வெறும் தோற்றம். அத்வைதிகள் இதைக் காட்டிலும் வலிய பிரமாணம் வேறு கேட்கப் போவதில்லை. விதையில் முளைத்த இரு செடிகளே மெய்யாக இரண்டாகும் என்பதனால், விதையிட்டு வளர்ப்பது சிக்கனத்தின்பாற்பட்டதன்று, தத்துவத்தின்பாற்பட்டதாகும்.

இவ்விரு சாராரையும் சமாதானப்படுத்தும் நோக்கத்துடன் மூன்றாவது கக்ஷியார், ஒரே தொட்டியில் இரண்டு விதை நாற்றுகளைச் சேர்த்து நட்டு, ஒன்றினுள் இரண்டு என்கிறார்கள். அவர்களுடைய தொட்டியில் காய்ப்பது உண்மைதான். எனினும் செடிக்குச் செடி 3 அடி இடம் வேண்டுமே என்ற கேள்விக்கு அக்கக்ஷியார் இன்றுவரை பாஷ்யம் எழுதவில்லை.