வல்லினமும் மெல்லினமும்: மலையேறிகளின் ஜெர்கின் குறித்து ஒரு நனைவியல் ஆய்வு

மலையேறுவோர் உடுத்தும் ஜெர்கின் ஹார்ட்ஷெல், சாஃப்ட்ஷெல் என இரு வகைப்படும். முன்னது வல்லினம், பின்னது மெல்லினம் என்க. இரண்டையும் ஒட்டுப்போட்ட இடையினமும் கடைகளில் தொங்குகிறது. இரண்டின் குறைகளும் அதற்கு உண்டு என்பதால் அதைத் தனியே ஆராய்ந்திலம்.

ஆய்வுக்களம் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட். 2015 டிசம்பர் 5 மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்குள்ள ஹானிஸ்டர் கணவாயில் 341.4 மி.மீ. மழை கொட்டியது, பிரிட்டன் அதுவரை காணாத அளவு. நனைவோமா என்ற ஐயமே எழாத ஊர்தான் நனைவியலுக்கு உகந்தது.

வல்லினத்தின் தோற்றம் வருமாறு. 1969இல் பாப் கோர் என்பவர், தோசைக்கல்லில் பூசுகிறார்களே அந்த டெஃப்லான் இனத்துக் கம்பியைச் சூடாக்கிப் பதமாக இழுத்துப் பார்த்தார். அறுந்தது. மறுபடியும் அறுந்தது. கடுப்பில் வெடுக்கென்று இழுத்தார். பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குப் புலப்படாத துளைகள்: வியர்வை ஆவி வெளியேறலாம், நீர்த்துளி உள்ளே வர முடியாது. மென்சவ்வாகத் துணியில் ஒட்டப்பட்டு, 1976இல் அது கோர்டெக்ஸ் என்று சந்தைக்கு வந்தது. மெல்லினத்துக்கு இப்படி வீரவரலாறு கிடையாது. நெருக்கி நெய்த, இழுத்தால் நீளும் துணி. பலவற்றில் உள்ளே சவ்வும் இல்லை.

வல்லினத்தின் விலைச்சீட்டில் 20,000 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். துணியின்மேல் 20 மீட்டர் உயர நீர்த்தூணை நிறுத்தினாலும் கசியாது என்பது பொருள். அத்தூண் யார் தோளில் வந்து நிற்கப்போகிறது என்று எவரும் கேட்பதில்லை. அந்த எண் புதுத்துணிக்கு உரியது என்பதும் சீட்டில் இராது.

அற்றேல், சவ்வு கிழியாமல் இருக்கையிலேயே சில பருவங்கள் கழிந்ததும் உள்ளே நனைவது ஏன் எனின், கூறுதும். முதலில் சாவது சவ்வு அன்று, மேல்துணியின் பூச்சு. புதிதில் மழைத்துளி சேம்பிலைத் தண்ணீராய் உருண்டோடும். பிறகு பையின் வார் உரசும் தோளிலும், கை மடிப்பிலும், பிசுக்கேறும் கழுத்துப்பட்டியிலும் துணி கருத்து நீரைக் குடிக்கத் தொடங்கும். குடித்த துணி குளிரும். ஆவிக்கு வெளியேற வழி குறையும். உள்ளே வியர்வை நீராய்ப் படியும். உடுத்தியவரோ “ஒழுகுது!” என்று கடைக்காரரைத் திட்டுவார்.

துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு உயிர்க்கும். துவைத்தால் கெட்டுவிடும் என்று அழுக்கோடு பூட்டி வைப்பவரே மிகுதி. பூட்டி வைப்பதும் பாதுகாப்பன்று. பாலியூரித்தேன் பூசிய மலிவு வல்லினம், உடுத்தாமலே பீரோவின் ஈரக்காற்றில் பிசுபிசுத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். தையலை மூடிய டேப்பும் ஒருநாள் கழன்று தொங்கும். நெடுநாள் உழைத்த எட்டுக் கார்பன் ஃப்ளோரின் பூச்சைப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டதும் அது நெடுநாள் உழைத்ததால்தான்: ஜெர்கினை விட்டு நீங்கிய பிறகும் ஆற்றிலும் மனித ரத்தத்திலும் அழியாமல் தங்கியது.

மெல்லினம் மூப்படைவது வேறு விதம். மணிக்கட்டில் நூல் பிரியும், துணியில் உருண்டைகள் திரளும், எலாஸ்டிக் தளரும், பூச்சும் போகும். எனினும் முதல் நாளே பெருமழைக்கு நனைந்த பொருள் பத்தாம் ஆண்டிலும் நனைகிறது. செயல்திறன் பெரிதாகக் குறையவில்லை என்பதே எம் முடிபு. காற்றைத் தடுக்கும், தூறலைத் தாங்கும், வெயில் வந்தால் சட்டென்று காயும். அதன்மேல் யாரும் வழக்குத் தொடுக்க முடியாது.

இனி, உள்ளிருக்கும் ஈரம் மழையா வியர்வையா என்னும் பழைய வழக்கு. நக்கிப் பார்த்து, உவர்த்தால் வியர்வை என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது, ஆவியாகிப் படிந்த நீரில் உப்பு இராது. சக மலையேறிகளும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பொருந்தும் முறை இதுவே: ஜெர்கினுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஜிப்பை ஏற்றி, குளியலறையில் மாட்டி, ஷவரைத் திறந்துவிடுக. ஆள் இல்லாத ஜெர்கின் வியர்ப்பதில்லை. தையலோரம் மட்டும் தாள் நனைந்தால் டேப் போயிற்று. ஓரிடத்தில் வட்டமாக நனைந்தால் சவ்வு போயிற்று. தாள் காய்ந்தே இருந்தால் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். இதற்கிடையில் வீட்டார் கதவைத் தட்டினால், ஆய்வு நடக்கிறது என்க.