மூன்றாவதாக ஒரு திரை

கேள்வி: கையில் போன், மேசையில் லேப்டாப் இருக்கிறது. டேப்லெட்டும் வாங்கலாமா?

பதில்: 2010-இல் ஐபேடை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், மேடையில் சோபா நாற்காலி போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துதான் அதை இயக்கிக் காட்டினார். யாருக்கான சாமான் என்று அப்போதே சொல்லாமல் சொல்லிவிட்டார்! பி.டி.எஃப். படிக்க, படம் வரைய, தாத்தா கண்ணாடியைத் தேடாமல் பேரனை வீடியோ காலில் பார்க்க... பிரமாதம். எக்செல்லில் கணக்குப் போட ஆசைப்பட்டால் போச்சு. கீபோர்டு, பேனா, உறை என்று ஒவ்வொன்றாக வாங்கி, லேப்டாப் விலைக்கு முக்கால் லேப்டாப் வைத்திருப்பீர்கள். பல போன்களின் திரையே இப்போது ஆறரை அங்குலம்; உங்களுக்கு அதுவே போதும். ஆனால் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். உங்கள் கைக்கு வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.