பத்தியப் பெரியம்மா

பிரசவ வார்டில் பிள்ளை வீறிடும் சத்தம் ஊருக்கு எட்டுவதற்குள் பத்தியப் பெரியம்மா பஸ் ஏறியிருப்பார். உறவில் பெரியம்மாவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அத்தை, சித்தி, எதிர்வீட்டு ஆச்சி யாராகவும் இருக்கலாம். கையில் ஒரு கட்டைப்பை. அதில் சுக்கு, திப்பிலி, பூண்டு, வசம்பு, வயிறு கட்டுவதற்கென்று துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய நூல் புடவை. தனக்கு மாற்றுத் துணி எடுத்து வர மட்டும் மறந்திருப்பார்.

வந்ததும் முதல் வேலை ஃபேனை அணைப்பது. அடுத்தது, பெற்றவள் காதில் பஞ்சு வைப்பது. மதுரையில் சித்திரை வெயில் கொளுத்தினாலும் பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது. மருமகன் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனால் ஒரு பார்வை பார்ப்பார். மனிதர் வாசல் திண்ணைக்குப் போய்விடுவார். காற்று அங்கேதான் வருகிறது.

பிள்ளை தூங்கும்போதே தாயும் தூங்கிவிட வேண்டும் என்பதில் பெரியம்மாவுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதனால்தான் அப்போதுதான் கண்ணசந்தவளைத் தோளில் தட்டி, "ஏத்தா, செத்த நேரம் தூங்குத்தா" என்பார். எழுந்தது எழுந்தாயிற்று என்று ஒரு லேகிய உருண்டையும் வாய்க்குள் போகும். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். மிச்சப் பொழுதை வேது, சாம்பிராணி, பிள்ளை பார்க்க வரும் சனம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும்.

சமையலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு. அந்தப் புட்டுக்காகவே அவர் குற்றங்களில் பாதியைத் தள்ளுபடி செய்யலாம். பெற்றவளுக்கு அளந்து ஒரு கரண்டிதான். பத்தியம் இல்லாத மற்றவர்களுக்குத் தட்டு நிறைய.

2015-இல் தமிழக அரசு பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த பரிசுப் பெட்டகத்தில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. "பாத்தியா, கவர்மெண்டே நம்ம வழிக்கு வந்திருச்சு" என்று அன்று நிமிர்ந்த பெரியம்மா இன்னும் குனியவில்லை. அதே அரசு 180 நாளைக்குச் சாப்பிடச் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் சூடு. அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

தண்ணீரில்தான் தகராறு. பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்; பிள்ளைக்கோ தொண்டை காயுமாம், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கவேண்டும். வீடு தேடி வந்த கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டையும் தலைகீழாக்கினார். பால் கொடுக்கிறவள் தாகம் தீரக் குடிக்கவேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பூண்டு உரித்தார்.

சாயங்காலமானால் பெற்றவள் காரணமில்லாமல் அழுவதையும் செவிலியர் கேட்டறிந்தார். முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் கூட்டி வாருங்கள் என்றார். அதுவரை கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, அன்று ராத்திரி பிள்ளையைத் தன் மடியில் போட்டுக்கொண்டார். பாலுக்கு அழுதபோது மட்டுமே தாயை எழுப்பினார். எட்டிப் பார்த்த மருமகனிடம், "என்னையெல்லாம் ஒம்போதாம் நாளே களையெடுக்க அனுப்பிட்டாக. போங்க மாப்பிள்ளை, போய்ப் படுங்க" என்றார்.

அடுத்த மாதம் வேறொரு வீட்டில் பிரசவம். கட்டைப்பையோடு போய் இறங்கிய பெரியம்மா முதலில் நீட்டியது ஒரு சொம்புத் தண்ணீர்.

"வயிறு முட்டக் குடித்தா. அந்த நர்ஸம்மாவுக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."